ரோபோ போட்டிகளில் இரண்டாவது இயந்திரத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான ரோபோ போட்டிகளைப் பற்றிய செய்திகள் இப்போது நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால் அச்செய்திகளில் எந்த உணரி பொருத்தப்பட்டது, எந்த மொழியில் நிரல் எழுதப்பட்டது, செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதா என்பன போன்ற விவரங்கள் விரிவாக வருகின்றனவே தவிர, அந்த ரோபோவின் கை ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது, மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பற்சக்கர விகிதத்தை யார் எந்தக் கணக்கின்படி தீர்மானித்தார்கள், முதலில் செய்த பாகம் எங்கே உடைந்தது, அதை எப்படி மாற்றிச் செய்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. இயந்திர வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையிலும், மாணவர் அணிகளுக்கு வழிகாட்டியாகவும் சில போட்டிகளில் நடுவராகவும் இருந்து வருபவன் என்ற முறையிலும், சொல்லாமல் விடப்படும் இந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். வகுப்பறையில் கிடைக்காத நடைமுறை வடிவமைப்பு அறிவை மாணவருக்குத் தருவதில் ரோபோ போட்டிக்கு இணையான வழி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. தான் செய்த முதல் இயந்திரத்தின் குறைகளைக் கண்ணால் கண்டு, அதைப் பிரித்துப்போட்டு, இரண்டாவதாக ஒன்றைச் செய்யும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்க வேண்டும். இன்று நடைபெறும் பல போட்டிகளும் பயிற்சிப் பட்டறைகளும் அந்த வாய்ப்பைத்தான் முதலில் வெட்டிவிடுகின்றன.

இத்தகைய போட்டிகள் தோன்றிய நோக்கமே வடிவமைப்பைக் கற்பிப்பதுதான் என்பதை நினைவுகூர்வது நல்லது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் உட்டி ஃபிளவர்ஸ் வளர்த்தெடுத்த வடிவமைப்புப் பாடத்தில், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே வகையான பொருள்கள் அடங்கிய பெட்டி வழங்கப்படும். அவற்றைக் கொண்டே ஒரு பொறியைச் செய்து, பருவ இறுதியில் சக மாணவரின் பொறியுடன் அது போட்டியிட வேண்டும். டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, ஃபிளவர்ஸின் துணையோடு இதே எண்ணத்தைப் பள்ளி மாணவரிடம் கொண்டுசென்றது. 1992இல் ஒரு பள்ளி விளையாட்டரங்கில் நடந்த அதன் முதல் போட்டியில் 28 அணிகள் பங்கேற்றன. ஜப்பானில் என்.எச்.கே. தொலைக்காட்சி 1988 முதல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு இடையே நடத்திவந்த ரோபோகான் போட்டியின் வழியில், ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் 2002இல் டோக்கியோவில் தொடங்கியது. அதில் ஆண்டுதோறும் விளையாட்டு விதிகள் அடியோடு மாறுகின்றன. சென்ற ஆண்டின் ரோபோவைத் தூசி தட்டி எடுத்துவர முடியாது. புதிய பணிக்குப் புதிய பொறிமுறையைச் சிந்தித்தே ஆக வேண்டும். பணி புதிது, பொருள் எல்லோருக்கும் பொது, காலக்கெடு கண்டிப்பு என்ற இந்த ஏற்பாட்டில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை.

அப்படி என்னதான் கற்கிறார்கள் என்று கேட்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மின்கலத்தையும் சேர்த்து 50 கிலோ எடையுள்ள, நான்கு மோட்டார்களால் ஓடும் ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு (சக்கரம் தரையைப் பற்றும் திறனைக் குறிக்கும் எண்) 1 என்று வைத்தால், சக்கரம் வழுக்கத் தொடங்கும் முன் அது தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசை ஏறத்தாழ 490 நியூட்டன். சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ. என்றால், சக்கரத் தண்டுகளில் மொத்தம் 24.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் விசை) வேண்டும். இப்போது மோட்டாரின் விவரத்தாளைப் பார்க்கும் மாணவருக்கு, 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 5,300 சுற்று, நின்ற நிலையில் 2.4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்ற எண்கள் கண்ணில் படுகின்றன. நான்கு மோட்டார், ஒவ்வொன்றும் 2.4, ஆக 9.6, எனவே மூன்று மடங்கு விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் மூன்று முறை சுற்றும் அமைப்பு, தாராளமாகப் போதும் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். ஆனால் அந்த 2.4 என்பது மோட்டார் சுழலாமல் நின்றுகொண்டு 130 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும்போது கிடைப்பது. ஒரு மோட்டாரின் மின்சுற்றில் உள்ள சர்க்யூட் பிரேக்கர் 40 ஆம்பியருக்கானது என்றால், தொடர்ந்து நம்பக்கூடிய முறுக்குவிசை 0.7 நியூட்டன் மீட்டர் அளவுதான். நான்குக்கும் சேர்த்து 2.8. ஆக, தேவையான விகிதம் மூன்று அல்ல, ஒன்பதுக்கு அருகில். அந்த விகிதத்தில் ரோபோவின் கோட்பாட்டு வேகம் வினாடிக்கு 3.1 மீட்டர், உராய்வு இழப்புகள் போக, களத்தில் 2.5 மீட்டர் கிடைத்தால் திருப்திப்படலாம்.

வேகம் போதவில்லை என்று கருதி ஓர் அணி விகிதத்தை ஐந்தாகக் குறைத்தால் என்ன நேரும்? காகிதத்தில் வேகம் வினாடிக்கு 5.5 மீட்டராக உயரும். எதிரணி ரோபோவுடன் முட்டித் தள்ளும் கணத்திலோ, சக்கரம் வழுக்கும் எல்லையை எட்ட ஒவ்வொரு மோட்டாரும் 68 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கும் சேர்ந்து 270 ஆம்பியருக்கு மேல். சிறிய ஈய அமில மின்கலம் ஒன்றால் அதைத் தாங்க முடியாது. மின்னழுத்தம் பல வோல்ட் சரிந்து, கட்டுப்பாட்டுக் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். அதற்குள் ஆட்டத்தின் விலைமதிப்பற்ற வினாடிகள் கடந்துவிடும். ஃபர்ஸ்ட் போட்டியில் ஓர் ஆட்டத்தின் மொத்த நேரமே ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும். இதில் மாணவர்கள் அறிந்துகொள்ளும் மிக முக்கியமான உண்மை ஒன்று உண்டு. ரோபோ அணைந்ததும் எல்லோரும் முதலில் நிரல் எழுதியவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு மின்கம்பிகளை ஆராய்வார்கள். பிழையின் வேரோ, மாதங்களுக்கு முன்பு ஒரு பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தபோது விழுந்தது. ஒரு துறையின் முடிவு இன்னொரு துறையின் கோளாறாக வெளிப்படும் என்ற இந்தப் பாடத்தைத் தேர்வுத்தாளில் கேள்வியாகக் கேட்டுப் புரியவைக்க இயலாது.

ரோபோவின் கையும் இதே போன்ற ஆசான்தான். ஒரு மீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் 2 கிலோ பொருளைத் தூக்க 19.6 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று கணக்கிட்டுவிட்டு, கையின் சொந்த எடையை மறந்துவிடும் மாணவர்கள் பலர். கை 1.5 கிலோ இருந்தால் அதற்கே இன்னும் 7.4 கூடும், நகரத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் நிலைமத்தால் மேலும் கூடும். இந்தச் சுமையை எல்லாம் மோட்டாரின் தலையில் கட்டாமல், ஒரு சுருள்வில்லையோ வாயு வில்லையோ வைத்துச் சமன்செய்யலாம் என்று ஒரு மாணவி தானாகவே கண்டடையும்போது, இயந்திரவியல் அவருக்குச் சொந்தமாகிறது. அதைவிட நுட்பமானது பற்சக்கரங்களுக்கு இடையிலான தளர்வு. கை பொருத்தப்பட்ட கடைசிக் கட்டத்தில் ஒரு பாகை தளர்வு இருந்தால், ஒரு மீட்டர் தொலைவில் உள்ள நுனி 17 மி.மீ. ஆடும். அதே ஒரு பாகை தளர்வு மோட்டாரை ஒட்டிய முதல் கட்டத்தில் இருந்து, அதற்குப் பின் இருபது மடங்கு வேகக் குறைப்பு வருமானால், நுனியில் ஆட்டம் ஒரு மி.மீ. கூட இராது. எனவே கவனமும் செலவும் கடைசிக் கட்டத்தில்தான் குவிய வேண்டும். எங்கே துல்லியம் தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்தறிவதே வடிவமைப்பின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். எல்லா அளவுகளையும் ஒரே கண்டிப்போடு வரைபவர் இன்னும் வடிவமைப்பாளராகவில்லை.

வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். கை தொய்கிறது என்றதும் இன்னும் உறுதியான அலுமினியக் கலவைக்கு மாற முயலும் அணிகள் உண்டு. மாற்றிய பிறகும் தொய்வு அப்படியே இருப்பது கண்டு வியப்பார்கள். அலுமினியக் கலவைகள் உடையும் வலிமையில் பெரிதும் வேறுபட்டாலும், விறைப்பைத் தீர்மானிக்கும் யங் குணகம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல்தான். தொய்வைக் குறைக்கும் வழி உலோகத்தின் பெயரில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. செவ்வக வெட்டுமுகத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தை இருமடங்காக்கினால் அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்காகும். பாடநூலில் இந்தச் சூத்திரத்தைப் படித்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்ற மாணவரே, பட்டையைப் படுக்கையாகப் பொருத்திவிட்டு, பின்னர் அதையே செங்குத்தாகத் திருப்பிப் பொருத்தியபோது கை நிமிர்ந்து நிற்பதைக் கண்டு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். படித்தது கையில் பிடிபடும் இடம் அது.

இனி, பட்டறை மேசையின் மீது கிடக்கும் சிறு பாகங்களுக்கு வருகிறேன். போட்டிக் களத்தில் ரோபோக்கள் தோற்பதற்குப் பெரிய கோட்பாட்டுத் தவறுகளைவிட இந்தச் சிறு பாகங்களே பெரும்பாலும் காரணமாகின்றன. வழவழப்பான வட்டத் தண்டின் மீது ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சிறு திருகாணியை) இறுக்கிப் பற்சக்கரத்தை நிறுத்தியிருப்பார்கள். நான்கைந்து முறை முன்னும் பின்னும் திரும்பியதும் அது வழுக்கத் தொடங்கும். தண்டில் தட்டையான ஒரு முகத்தை அரத்தால் தேய்த்துவைக்கலாம், தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே கீ என்னும் சிறு உலோகக் கட்டையைச் செருகலாம், அறுகோணத் தண்டையே பயன்படுத்தலாம் என்பவை அதன் பிறகு தெரியவரும். ஒரே பேரிங்கில் தண்டைத் தொங்கவிட்டால் செயின் இழுக்கும்போது தண்டு சாயும்; அதற்கு அஞ்சி மூன்று பேரிங்குகளை வரிசையாக வைத்தால், மூன்றின் மையங்களும் துல்லியமாக நேர்கோட்டில் அமையாததால் தண்டு இறுகிக்கொள்ளும். இரண்டு பேரிங்குகள், அவற்றுக்கு இடையே போதிய தொலைவு, சுமை முடிந்தவரை அவற்றின் நடுவே என்ற எளிய விதி, தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தவருக்கே விளங்கும். அதிர்வில் கழன்றுவிழும் நட்டுகளுக்குப் பதிலாக, நைலான் வளையத்தால் கழலாமல் நிற்கும் நைலாக் நட்டு, அலுமினியத்தில் நேரடியாகப் போட்ட மரை தேய்ந்துபோனால் என்ன செய்வது, எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் தாராளமாக நுழைய 5.5 மி.மீ. துளை, அதற்கு மரை வெட்ட வேண்டுமானால் 4.2 மி.மீ. துளை என இந்த அறிவு சில்லறையாகத் தோன்றும். ஆனால் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நிற்பதும் ஓடுவதும் இந்தச் சில்லறையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பற்சக்கரங்களுக்கு இடையிலான மையத்தொலைவு இன்னொரு நல்ல பயிற்சி. மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1 கொண்ட 20 பற்களும் 60 பற்களும் உள்ள இரு சக்கரங்களின் மையங்கள் 40 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கையால் கோடு கிழித்து, சென்டர் பஞ்ச் அடித்து, டிரில் செய்யும் மாணவருக்கு அரை மி.மீ. விலகுவது இயல்பு. மையத்தொலைவு குறைந்தால் பற்கள் கடித்துக்கொள்ளும். கூடினால் தளர்ந்து ஓசையிடும். அப்போதுதான் அவர், மோட்டாரைத் தாங்கும் தகட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, பொருத்திய பின் நகர்த்திச் சரிசெய்யும் வழியைக் கண்டுபிடிக்கிறார். தன் கையின் துல்லியம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அந்தத் துல்லியத்துக்குள் வேலை செய்யும் அமைப்பை வகுப்பது ஒரு முதிர்ச்சி. அந்த முதிர்ச்சி வந்தவர், பின்னாளில் வரைபடத்தில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் விலகல்) எழுதும்போது, அதைச் செய்து தரப்போகும் கடைசல்காரரின் சிரமத்தையும் சேர்த்தே எண்ணுவார்.

முப்பரிமாண அச்சுப்பொறியும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளும் இன்று மாணவர்களின் கைக்கு எட்டியிருப்பது பெரும் நன்மை. ஆனால் அவை சில மயக்கங்களையும் கூடவே கொண்டுவந்திருக்கின்றன. திரையில் எந்தப் பாகத்தையும் காற்றில் நிறுத்தலாம். ஒரு போல்ட்டின் தலையை மற்றொரு பாகத்துக்குள் புதைத்தே வைக்கலாம். ஸ்பானர் நுழைய இடமிருக்கிறதா என்று மென்பொருள் தானாகக் கேட்பதில்லை. வரைந்து முடித்த உடனே அச்சிட அனுப்பும் பழக்கத்துக்கு முன், இந்த நட்டை யார் கை எந்தப் பக்கத்திலிருந்து எட்டி இறுக்கும் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். அச்சிட்ட பாகம் அடுக்கடுக்காக உருவாவதால், அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். எனவே சுமையின் திசையைப் பார்த்து, எந்தப் பக்கம் படுக்கவைத்து அச்சிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். பி.எல்.ஏ. நெகிழி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்குவதால், சூடாகும் மோட்டாரை அதில் செய்த தாங்கியில் பொருத்தினால், சில ஆட்டங்களுக்குப் பிறகு தாங்கி மெல்லச் சாயும். 22 மி.மீ. வெளிவிட்டமுள்ள பேரிங்குக்கு 22 மி.மீ. துளை வரைந்தால், அச்சில் அது பெரும்பாலும் சற்றுச் சுருங்கியே வரும். பேரிங் நுழையாது. 22.0, 22.1, 22.2, 22.3 என்று நான்கு சிறு வளையங்களை அச்சிட்டுப் பார்த்து, தன் அச்சுப்பொறிக்கு எது பொருந்துகிறது என்று குறித்துவைக்கும் மாணவர், ஓர் அரை மணி நேரச் சோதனையால் ஒரு பருவத்தின் தலைவலியைத் தவிர்த்துவிடுகிறார். சோதித்துப் பார்த்து எண்ணை அறியும் இந்த மனநிலையைத்தான் நாம் பொறியியல் என்கிறோம்.

இவ்வளவு வளமான கல்வியை இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் பல தருகின்றனவா? வருத்தத்தோடு இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளோ இரண்டு நாளோ நடக்கும் பட்டறையில், துளைகள் முன்கூட்டியே போட்ட அக்ரிலிக் தகடு, வேகக் குறைப்புப் பற்சக்கரங்கள் உள்ளேயே அடங்கிய சிறு மஞ்சள் மோட்டார், கையடக்கக் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை கொண்ட பெட்டி மாணவருக்குத் தரப்படுகிறது. படத்தைப் பார்த்துத் திருகாணிகளை முடுக்கி, ஏற்கெனவே எழுதிய நிரலை ஏற்றினால், கோட்டைப் பின்தொடர்ந்து ஒரு வண்டி ஓடும். மாலையில் சான்றிதழும் கிடைக்கும். முதல் ஆர்வத்தைத் தூண்ட இது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. சிறு வயதினருக்கு இதுவே பொருத்தமான தொடக்கமாகவும் இருக்கலாம். ஆனால் இதில் மாணவர் எடுத்த முடிவு ஏதேனும் உண்டா? ஒரு துளையின் இடத்தையேனும் அவர் தீர்மானித்தாரா? முடிவு எடுக்காதவர் தவறவும் முடியாது. தவறாதவருக்குத் திருத்தவும் ஒன்றுமில்லை. இதை வடிவமைப்புப் பயிற்சி என்று பெயரிட்டுக் கட்டணம் பெறுவது முறையாகாது.

பட்டறையை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் எளியது. வெர்னியர் அளவுகோலால் அளப்பது, அரத்தால் தேய்ப்பது, துளையிட்டு மரை வெட்டுவது, தண்டையும் பேரிங்கையும் பொருத்துவது ஆகியவற்றுக்கு முதல் நாளையாவது ஒதுக்குங்கள். அதன்பின் ஒரே ஒரு சிறு பொறிமுறையைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரு பந்தைக் கவ்வும் பிடியோ, அரை மீட்டர் உயரத்துக்குச் சுமையை ஏற்றும் தூக்கியோ போதும், முழு ரோபோ வேண்டாம். எல்லோருடையதையும் ஒரே சுமையின் கீழ் சோதித்து, எது எங்கே விட்டுக்கொடுத்தது என்று எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள். பிறகு அதையே மறுபடி செய்ய நேரம் கொடுங்கள். கட்டுப்பாட்டுப் பலகையும் நிரலும் அடுத்த பட்டறைக்குக் காத்திருக்கலாம். கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் லேத்தையும் மில்லிங் இயந்திரத்தையும் ஆண்டுக்கணக்கில் இயக்கிவரும் ஆய்வகப் பணியாளர்களையே இந்தப் பட்டறைகளின் ஆசான்களாக அமர்த்த வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பாகத்தை லேத்தின் பிடியான சக்கில் எப்படிப் பிடிப்பது, மெல்லிய தகடு வெட்டும்போது ஏன் அதிர்கிறது, எந்த உள்மூலையைக் கருவியால் எட்டவே முடியாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த அறிவு. அந்த அறிவு பாடத்திட்டத்தில் ஏறவில்லை என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

போட்டி அமைப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. முதலாவது காலஅட்டவணை. பணி அறிவிக்கப்பட்ட நாளுக்கும் போட்டி நாளுக்கும் இடையே இரண்டே வாரம் என்றால், எந்த அணியும் முதல் இயந்திரத்தை ஓடவைப்பதோடு நின்றுவிடும். ஃபர்ஸ்ட் போட்டியில் நெடுங்காலம் ஆறு வாரங்களுக்குப் பிறகு ரோபோவைத் தொடக் கூடாது என்ற விதி இருந்தது. 2020 பருவம் முதல் அந்தத் தடை நீக்கப்பட்டது. தடை இருந்த காலத்திலேயே வசதியுள்ள அணிகள் அதே ரோபோவின் நகலொன்றைச் செய்து வைத்துக்கொண்டு தொடர்ந்து சோதித்தன. வசதியற்ற அணிகளுக்கு அது இயலவில்லை. திருத்துவதற்கான நேரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும்படி விதிகள் அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காலம் நீட்டிக்க முடியாத இடங்களில், இடையில் ஒரு முன்னோட்ட நாளை வைக்கலாம். அதில் புள்ளிகளும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அணிகள் தங்கள் இயந்திரத்தைக் களத்தில் ஓட்டி, உடைத்து, குறித்துக்கொண்டு திரும்பட்டும். இறுதிப் போட்டி சில வாரங்கள் கழித்து நடக்கட்டும்.

இரண்டாவது, மதிப்பிடும் முறை. களத்தில் பெறும் புள்ளிகளை மட்டும் பார்த்துப் பரிசளித்தால், வெளியில் செய்து வாங்கிய ரோபோவுக்கும் மாணவர் கையால் செய்த ரோபோவுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். மாணவர்கள் பந்தயக் காரை வடிவமைத்துப் போட்டியிடும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியில், மொத்தமுள்ள 1,000 புள்ளிகளில் 150 புள்ளிகள் வடிவமைப்பு விளக்கத்துக்கும் 100 புள்ளிகள் செலவு பற்றிய மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. அனுபவமிக்க பொறியாளர்கள் காரின் அருகே நின்று, இந்த அளவு ஏன், இந்தப் பொருள் ஏன் என்று மாணவரைக் கேட்கிறார்கள். வெக்ஸ் என்ற மாணவர் ரோபோ போட்டிகளில் அணிகள் எழுதிவரும் பொறியியல் குறிப்பேடு மதிப்பிடப்பட்டு, அதனடிப்படையில் தனி விருதும் தரப்படுகிறது. எல்லா ரோபோ போட்டிகளிலும் இத்தகைய நேர்காணல் கட்டாயமாக வேண்டும். ஒரு நடுவர் பத்து நிமிடம் பேசினாலே உண்மை தெரிந்துவிடும். கைவிட்ட யோசனைகள் எவை, ஏன் கைவிட்டீர்கள், முதல் வடிவத்தில் உடைந்த பாகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், தானே செய்த அணி உற்சாகத்தோடு பெட்டியைத் திறந்து உடைந்த துண்டுகளை மேசைமேல் அடுக்கும். அந்தத் துண்டுகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று விதியிலேயே எழுதிவைத்தால், மாணவர்கள் அவற்றை மறைக்கவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள்.

வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் தங்கள் கைகளைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஓர் அணியின் தாங்கி உடையப்போகிறது என்று நமக்குத் தெரியும்போது, நாமே வரைந்து கொடுத்துவிடும் ஆசை வலிமையானது. ஆளுக்குக் காயம் ஏற்படும் அபாயம் இருந்தால் உடனே நிறுத்தித்தான் ஆக வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய தலைமுடி, சுழலும் டிரில்லின் அருகே கையுறை கூடாது என்ற விதிகளில் எந்தச் சலுகையும் கிடையாது. லித்தியம் மின்கலத்தைக் கவனிப்பார் இல்லாமல் மின்னேற்ற விடுவதும் அப்படித்தான். ஆனால் உடையப்போவது ஒரு தகடு மட்டும்தான் என்றால், எந்தச் சுமையைக் கணக்கில் எடுத்தாய் என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதே நம் கடமை. அணிக்குள்ளும் வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். மாணவியர் அறிக்கையும் சுவரொட்டியும் தயாரிக்க, மாணவர் மட்டும் லேத்தின் முன் நிற்கும் காட்சி இன்னும் மறையவில்லை. எல்லோரும் குறைந்தது ஒரு பாகத்தையாவது வரைந்து, வெட்டி, பொருத்தி, சோதித்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அணியும் தன் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

கல்வி நிறுவனங்கள் போட்டிக்கான பயணச் செலவைத் தருவதோடு தங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. பல நிறுவனங்களில் நல்ல பட்டறைகள் உள்ளன. ஆனால் அவை பாடவேளை முடிந்ததும் பூட்டப்படுகின்றன. மாணவர் வடிவமைப்பில் ஈடுபடும் நேரமோ மாலைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில், பயிற்சி பெற்று அனுமதி அட்டை வாங்கிய மாணவர்களுக்கு மட்டும் மாலை நேரத்தில் பட்டறையைத் திறந்துவைக்க ஆகும் செலவு, ஒரே ஒரு வெளிப்போட்டிக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இராது. அதோடு, பழைய ரோபோக்களைக் காட்சிப் பேழையில் பூட்டிவைக்காமல், அடுத்த ஆண்டு மாணவர்கள் பிரித்துப் பார்ப்பதற்கென்றே கொடுத்துவிட வேண்டும். முந்தைய அணி எழுதிய குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ரோபோவைப் பிரிக்கும் ஒரு வாரம், பல விரிவுரைகளுக்கு ஈடாகும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை வெற்றி பெற்ற மாணவர் அணி ஒன்றைத் தங்கள் செய்தியாளர் சந்திக்கும்போது, கோப்பையோடு எடுக்கும் படத்துடன், அந்த ரோபோவின் ஒரு பாகத்தின் முதல் வடிவத்தையும் இறுதி வடிவத்தையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுத்து வெளியிட வேண்டுகிறேன். எது மாறியது, ஏன் மாறியது என்பதை அதைச் செய்த மாணவரின் சொற்களிலேயே இரண்டு பத்தி எழுதச் செய்யலாம். தங்கள் மாணவர் பக்கத்தில் அதற்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்க இயலுமானால், இத்துறையில் உள்ள என் போன்றவர்கள் அந்தக் குறிப்புகளைச் சரிபார்த்து உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இயந்திர வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர்